முதுநிலை எபிடெமியாலஜி வகுப்பு: பதிவு செய்வது முதல் மதிப்பெண் வரும் வரை

செமஸ்டரின் ஆறாவது வாரம். இடைத்தேர்வு விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மாணவி டி.ஏ. (கற்பித்தல் உதவியாளர்) அறை வாசலில் நிற்கிறார். கணக்கில் தவறில்லை, ஆட்ஸ் ரேஷியோ (இரு குழுக்களின் வாய்ப்புகளை ஒப்பிடும் விகிதம்) சரியாகவே வந்திருக்கிறது. ஒரே நேரத்தில் நான்கு பாடங்களை எடுத்துவிட்டு மூச்சு முட்டுகிறது, இதை மட்டும் விட்டுவிடலாமா என்று கேட்க வந்திருக்கிறார். மதிப்பெண் பட்டியலில் தடயமில்லாமல் விலகுவதற்கான கடைசி நாள் முந்தின வெள்ளிக்கிழமையே கடந்துவிட்டது. அந்தத் தேதி சிலபஸின் முதல் பக்கத்தில் இருந்தது.

கற்பித்தல் உதவியாளராக இருந்த ஆண்டுகளில் இப்படிப்பட்ட முகங்களை நிறையப் பார்த்துவிட்டேன். இந்த வகுப்பில் இடறுபவர்களில் பலர் கன்ஃபவுண்டிங் (காரணத்துக்கும் நோய்க்கும் நடுவே மூன்றாவது காரணி ஒன்று புகுந்து குழப்புவது) புரியாமல் இடறுவதில்லை. தவறவிட்ட ஒரு தேதி, கேட்காமல் விட்ட ஓர் அனுமதி, நண்பரோடு சேர்ந்து எழுதிய வீட்டுப்பாடம், அசட்டையாகக் கையாண்ட ஒரு தரவுக் கோப்பு, இவற்றில்தான் இடறுகிறார்கள். அந்த வலி வேண்டாம் என்பதற்காகவே இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் விதிகளைத் தானே வகுத்துக்கொள்கிறது. நான் தரும் நாள் கணக்கும் சதவீதமும் மாதிரிக்குத்தான். உங்கள் சிலபஸில் இருப்பதே உங்களுக்கு விதி.

முதல் படி: எந்த எபிடெமியாலஜி என்று தெளிவாகுங்கள்

தமிழில் இதைத் தொற்றுநோயியல் என்று எழுதும் பழக்கம் இருக்கிறது. அந்தப் பெயரை நம்பி வருபவர்கள் முதல் மாதம் முழுக்க வைரஸ் எப்போது வரும் என்று காத்திருப்பார்கள். அடிப்படை வகுப்பில் இதயநோய், புற்றுநோய், விபத்து, மனநலம் எல்லாமே வரும். 1948-ல் 5,209 பேரோடு தொடங்கிய ஃபிரேமிங்காம் ஆய்வு இதயநோய் பற்றியது. மக்கள் கூட்டத்தில் நோய் எப்படிப் பரந்து கிடக்கிறது, ஏன் சிலருக்கு வருகிறது, சிலருக்கு வருவதில்லை என்று எண்களைக் கொண்டு கேட்கும் துறை இது. நோய்ப்பரவலியல் என்ற சொல் கொஞ்சம் பொருந்தும். வகுப்பறையில் எல்லோரும் எபிடெமியாலஜி என்றே சொல்வதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

துறையின் பாடப்பட்டியலைத் திறந்தால் ஒரே மாதிரித் தலைப்பில் நான்கைந்து பாடங்கள் நிற்கும். பொதுச் சுகாதார முதுநிலை மாணவர் அனைவருக்குமான அறிமுகப் பாடம் ஒன்று. துறை மாணவர்களுக்கென்றே இருக்கும் ‘முறைகள் 1’, அதன் தொடர்ச்சியான ‘முறைகள் 2’. மருத்துவர்களுக்கான மருத்துவமனை சார்ந்த எபிடெமியாலஜி. பிறகு தொற்றுநோய், மருந்துப் பயன்பாடு, சுற்றுச்சூழல் என்று தனித்தனிப் பாடங்கள். பின்னால் முனைவர் பட்டத்துக்குப் போகும் எண்ணம் இருந்தால் அறிமுகப் பாடத்தை எடுக்காதீர்கள். பல இடங்களில் அது ‘முறைகள் 2’-க்கு முன்தேவையாகக் கணக்கில் வராது. ஒரு செமஸ்டர் வீணாவது இங்கேதான். வழிகாட்டிப் பேராசிரியரிடம் பாடத்தின் பெயரைச் சொல்லாமல் பாட எண்ணைச் சொல்லி, இது என் பட்டத் தேவையில் எந்தக் கட்டத்தை நிரப்பும் என்று கேளுங்கள். பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: முன்தேவை இருக்கிறதா என்று உங்களையே சோதியுங்கள்

பெரும்பாலான இடங்களில் உயிர்ப்புள்ளியியல் பாடம் ஒன்றை முடித்திருக்க வேண்டும், அல்லது அதே செமஸ்டரில் சேர்த்து எடுக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். சேர்த்து எடுக்கலாம் என்று இருந்தால், புள்ளியியல் பாடத்திலிருந்து பாதியில் விலகும்போது எபிடெமியாலஜியிலிருந்தும் உங்களை நீக்கிவிட வாய்ப்புண்டு.

சான்றிதழ் இருப்பது ஒன்று, கை வருவது வேறொன்று. வகுப்புக்கு வரும் முன் இந்தச் சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கச் சொல்வேன். 1854-ல் லண்டனில் காலரா பரவியபோது ஜான் ஸ்நோ என்ற மருத்துவர் இரண்டு குடிநீர் நிறுவனங்களின் வாடிக்கையாளர்களை ஒப்பிட்டார். சதர்க் அண்டு வாக்ஸால் நிறுவனம் தண்ணீர் கொடுத்த வீடுகள் 40,046, அவற்றில் காலரா இறப்புகள் 1,263. லாம்பெத் நிறுவனம் கொடுத்த வீடுகள் 26,107, இறப்புகள் 98. லாம்பெத் நிறுவனம் 1852-ல் நீர் எடுக்கும் இடத்தைத் தேம்ஸ் நதியில் நகரக் கழிவு சேராத மேல்பகுதிக்கு மாற்றியிருந்தது.

10,000 வீடுகளுக்கு எத்தனை இறப்பு என்று பாருங்கள். முதலாவதில் 315, இரண்டாவதில் 37-ஐ ஒட்டி வரும். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் ஏறக்குறைய 8.4. இவ்வளவும் பள்ளிக்கூடக் கணக்குதான். வகுப்பு ஆரம்பிப்பது இதற்குப் பிறகு. வகுக்கும் எண்ணில் நிற்பது மனிதர்களா, வீடுகளா? வீடுகள். ஒரு நிறுவனத்தின் வீடுகளில் சராசரியாக அதிகப் பேர் குடியிருந்தால் இந்த 8.4 என்ன ஆகும்? லாம்பெத் வாடிக்கையாளர்கள் வசதி படைத்தவர்களாக இருந்திருந்தால்? ஸ்நோ இந்தக் கேள்வியை எதிர்பார்த்திருந்தார். இரண்டு நிறுவனங்களின் குழாய்களும் ஒரே தெருக்களில் ஓடின, பணக்காரர் ஏழை என்ற பாகுபாடில்லாமல் பக்கத்துப் பக்கத்து வீடுகளுக்கு வெவ்வேறு தண்ணீர் போனது என்று காட்டினார். இந்தக் கேள்விகள் உங்களுக்குள் தானாக எழுந்தால் தைரியமாகச் சேருங்கள். கணக்கே தடுமாறினால் ஒரு செமஸ்டர் புள்ளியியல் படித்துவிட்டு வாருங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அவசரமாகச் சேர்ந்து திணறியவர்களையும் ஒரு செமஸ்டர் தள்ளி வந்து ரசித்துப் படித்தவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

வகுப்பில் பயன்படுத்தும் புள்ளியியல் மென்பொருளையும் இப்போதே விசாரித்துவிடுங்கள். ஆர் இலவசம். சாஸ், ஸ்டேட்டா என்றால் பல்கலைக்கழக உரிமம் உங்கள் கணினிக்குக் கிடைக்குமா, ஆய்வகக் கணினியில் மட்டுமா என்று கேளுங்கள். முதல் வீட்டுப்பாடம் சமர்ப்பிக்கும் இரவில் உரிமம் தேடி அலைபவர்கள் ஒவ்வொரு செமஸ்டரிலும் உண்டு.

மூன்றாம் படி: பிற துறையினர் அனுமதிக் கடிதம் எழுதுவது

துறை மாணவர்களுக்கு முதலில் இடம், மிச்சமிருந்தால் மற்றவர்களுக்கு என்பது பொது நடைமுறை. நீங்கள் வேறு துறை என்றால் பேராசிரியரின் அனுமதி வேண்டும். அந்தக் கடிதத்தில் பாடத்தின் மேல் உங்களுக்குள்ள ஆர்வத்தை இரண்டு பத்தி எழுத வேண்டியதில்லை. அவருக்குத் தெரிய வேண்டியது நான்கே விஷயம்: நீங்கள் யார், முன்தேவைக்கு ஈடாக என்ன படித்திருக்கிறீர்கள், அதற்கு ஆதாரம் எங்கே, உங்களிடமிருந்து அவருக்கு என்ன படிவம் வரும். இப்படி எழுதினால் போதும்:

‘மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு, வணக்கம். நான் சமூகவியல் துறையில் முதலாம் ஆண்டு முதுநிலை மாணவி. வரும் செமஸ்டரில் தாங்கள் நடத்தும் எபிடெமியாலஜி முறைகள் 1 வகுப்பில் சேர விரும்புகிறேன். உயிர்ப்புள்ளியியல் பாடத்தை இங்கே எடுக்கவில்லை. அதற்கு ஈடாக, லாஜிஸ்டிக் ரிக்ரெஷன் வரை உள்ள புள்ளியியல் பாடத்தை இளநிலையில் முடித்திருக்கிறேன். அதன் சிலபஸையும் மதிப்பெண் பட்டியலையும் இணைத்துள்ளேன். இரண்டு ஆய்வகப் பிரிவுகளில் எதுவானாலும் எனக்கு நேரம் ஒத்துவரும். தாங்கள் சம்மதித்தால் அனுமதிப் படிவத்தைக் கையொப்பத்துக்கு அனுப்பிவைக்கிறேன்.’

இந்தக் கடிதத்தைப் படிக்க ஒரு நிமிடம், பதில் சொல்ல ஒரு வரி. அதனால்தான் பதில் வருகிறது. ஒரு வாரம் ஆகியும் வரவில்லை என்றால் துறை அலுவலகத்துக்கு ஒரு பிரதி அனுப்பி நினைவூட்டுங்கள். அனுமதி கிடைத்ததாலேயே இடம் கிடைத்துவிட்டதாக எண்ண வேண்டாம். அனுமதி எண் கைக்கு வந்ததும் பதிவுத் தளத்தில் அதை நீங்களே உள்ளிட வேண்டும். பல இடங்களில் அந்த எண்ணுக்குக் காலாவதித் தேதியும் உண்டு.

நான்காம் படி: பதிவு

பதிவு திறப்பதற்கு ஒரு வாரம் முன்பே உங்கள் கணக்கில் ஏதாவது தடை விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். கட்டண பாக்கி, தராத தடுப்பூசிச் சான்று, திருப்பிக் கொடுக்காத நூலகப் புத்தகம் என்று எதுவும் தடையாகலாம். தடை இருந்தால் பதிவு பொத்தான் வேலை செய்யாது, அதை நீக்க அலுவலகம் திறந்திருக்கும் நேரம் வேண்டும்.

விரிவுரை, ஆய்வகம் இரண்டுக்கும் தனித்தனிப் பிரிவு எண் இருக்கும். விரிவுரையில் மட்டும் பதிந்துவிட்டு ஆய்வகத்தை மறப்பவர்கள் பலர். ஆய்வகத்தில் இடமில்லை என்றால் விரிவுரைப் பதிவும் சில தளங்களில் தானாக ரத்தாகும். ஆய்வகப் பிரிவைத் தேர்ந்தெடுக்கும்போது வீட்டுப்பாடம் சமர்ப்பிக்கும் நாளுக்கு இரண்டு நாள் முன்னால் வரும் பிரிவாக எடுங்கள். கேள்விகளோடு போய், பதில்களோடு திரும்பி, எழுதி முடிக்க நேரம் கிடைக்கும்.

அடுத்து கிரெடிட். மூன்று கிரெடிட் என்பதை வாரம் மூன்று மணி நேரம் என்று மட்டும் படித்துவிடாதீர்கள். பரவலான கணக்குப்படி வகுப்பில் ஒரு மணி என்றால் வெளியே இரண்டு மணி. ஆக வாரத்துக்கு ஒன்பது மணி நேரம். ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களின் பொதுக் கிரெடிட் கணக்கான ஈ.சி.டி.எஸ். முறையில் ஒரு கிரெடிட் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. ஐந்து கிரெடிட் பாடத்தைப் பதினைந்து வாரத்துக்குப் பிரித்தாலும் வாரத்துக்கு எட்டிலிருந்து பத்து மணி வந்து நிற்கும். இப்படி நான்கு பாடம், அதோடு இருபது மணி நேர வேலை என்றால் வாரத்துக்கு 56 மணி நேரம். வாசலில் நின்ற அந்த மாணவியின் நிலைமை இதுதான். பதிவுக்கு முன் இந்தக் கூட்டலை ஒரு தாளில் போடுங்கள்.

காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறீர்களா? முதல் நாளிலிருந்தே வகுப்புக்குப் போங்கள், முதல் வீட்டுப்பாடத்தையும் செய்யுங்கள். இரண்டாம் வாரத்தில் இடம் கிடைத்தபின் விட்டதைப் பிடிப்பது இந்தப் பாடத்தில் கடினம், ஏனென்றால் நிகழ்வு வீதம் (புதிதாக நோய் வருபவர்கள்), பரவல் வீதம் (ஏற்கெனவே நோயோடு இருப்பவர்கள்) என்ற அடிப்படை அளவைகள் அந்த முதல் இரண்டு வாரத்தில்தான் வருகின்றன. இடம் காலியானால் மின்னஞ்சல் வரும், ஏற்றுக்கொள்ள ஒரு நாள்தான் அவகாசம் தருவார்கள். பல்கலைக்கழக அஞ்சல் பெட்டியை அந்த நாட்களில் காலை, மாலை இரண்டு வேளையும் திறந்து பாருங்கள்.

மதிப்பெண் வேண்டாம், கேட்க மட்டும் வருகிறேன் என்பவர்களுக்கு ஆடிட் வழி இருக்கிறது. அதற்கும் முறையான பதிவு வேண்டும், வீட்டுப்பாடம் திருத்தித் தர மாட்டார்கள், தரவுக் கோப்புகள் கிடைக்காமலும் போகலாம். என் கருத்தைக் கேட்டால், முறைகள் பாடத்தை ஆடிட் செய்யாதீர்கள். கையால் போட்டுப் பார்க்காமல் இதைக் காதால் கற்க முடியாது.

ஐந்தாம் படி: சிலபஸைப் பேனாவோடு படியுங்கள்

முதல் வார முடிவுக்குள் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். முதலில் தேதிகள். சேர்வதற்கான கடைசி நாள், தடயமில்லாமல் விலகுவதற்கான கடைசி நாள், விலகியதாகப் பட்டியலில் குறிப்போடு வெளியேறுவதற்கான கடைசி நாள். இந்த மூன்றும் வெவ்வேறு. கட்டணம் திரும்பக் கிடைக்கும் நாள் நான்காவது, அது பெரும்பாலும் மற்றவற்றுக்கு முன்னால் வரும். நான்கையும் கைப்பேசி நாட்காட்டியில் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஐந்து நாள் முன்னால் ஒரு நினைவூட்டல் வையுங்கள்.

பிறகு மதிப்பெண் பங்கீடு. மாதிரிக்கு ஒன்று: வீட்டுப்பாடம் 25, இடைத்தேர்வு 25, இறுதித் தேர்வு 30, கட்டுரை விமர்சனம் 15, பங்கேற்பு 5. எட்டு வீட்டுப்பாடங்கள் என்றால் ஒவ்வொன்றும் மொத்தத்தில் 3 சதவீதத்துக்குச் சற்று மேல். இறுதித் தேர்வு நூறு மதிப்பெண்ணுக்கு என்றால், அதில் ஒரு முழுப் பத்து மதிப்பெண் கேள்வியின் எடை 3 சதவீதம். அதாவது ஒரு வீட்டுப்பாடத்தை விடுவதும் இறுதித் தேர்வில் ஒரு பெரிய கேள்வியை வெறுமையாக விட்டுவருவதும் ஒன்று. மிகக் குறைந்த மதிப்பெண் எடுத்த ஒரு வீட்டுப்பாடத்தைக் கணக்கில் விட்டுவிடுவோம் என்று சிலர் எழுதியிருப்பார்கள். அந்தச் சலுகையை மூன்றாம் வாரத்தில் செலவழித்துவிடாதீர்கள். காய்ச்சல் வரும் வாரத்துக்கு அது வேண்டியிருக்கும்.

தாமதத்துக்கான விதியைச் சொல் சொல்லாகப் படியுங்கள். ‘நாளொன்றுக்கு 10 சதவீதம் குறைக்கப்படும்’ என்று இருக்கிறது. நீங்கள் இரண்டு நாள் தாமதம், உங்கள் விடைக்கு 88. நூற்றில் இருபதைக் கழித்தால் 68. பெற்ற மதிப்பெண்ணில் இருபது சதவீதத்தைக் கழித்தால் 70.4. எதைக் குறிக்கிறது என்று முதல் வாரத்தில் கேட்டால் அது ஒரு சாதாரணக் கேள்வி. பத்தாம் வாரத்தில் கேட்டால் பேரம் பேசுவது போல் ஆகிவிடும். இரவு 11.59 என்பது தளத்தின் கடிகாரப்படி. வேறு நேர மண்டலத்திலிருந்து படிப்பவர்கள் இதை மறக்கக் கூடாது. கோப்பு ஏற்றிய பிறகு அதைத் திறந்து பாருங்கள். வெற்றுக் கோப்பையும் போன வாரக் கோப்பையும் சமர்ப்பித்தவர்களுக்காக நான் வருத்தப்பட்டிருக்கிறேன், ஆனால் நேர முத்திரையை மாற்ற என்னிடம் வழி இருந்ததில்லை.

தேர்ச்சி மதிப்பெண்ணையும் பாருங்கள். முதுநிலையில் சி வாங்கினால் தேர்ச்சி என்ற நினைப்போடு பலர் வருகிறார்கள். துறையின் கட்டாயப் பாடங்களில் பி அல்லது பி மைனஸுக்குக் கீழே வாங்கினால் மறுபடி எடுக்க வேண்டும் என்ற விதி பல இடங்களில் உண்டு. அது பாடத்தின் சிலபஸில் இருக்காது, துறையின் கையேட்டில் இருக்கும்.

ஆறாம் படி: சேர்ந்து படிப்பதும் சேர்ந்து எழுதுவதும்

இங்கேதான் நல்ல மாணவர்கள் சிக்கலில் மாட்டுகிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். ‘கலந்து பேசலாம், விடையைத் தனியாக எழுத வேண்டும்’ என்பது வழக்கமான விதி. கணக்கின் விடை எல்லோருக்கும் ஒன்றாகத்தானே வரும், பிறகு தனியாக எழுதுவது எதற்கு என்று கேட்பார்கள். ஓர் உதாரணம் பார்ப்போம்.

ரிச்சர்ட் டாலும் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில்லும் 1950-ல் வெளியிட்ட ஆய்வில் நுரையீரல் புற்றுநோய் கண்ட ஆண்கள் 649 பேர், அவர்களில் புகைக்காதவர்கள் இரண்டே பேர். ஒப்பீட்டுக்கு எடுத்த வேறு நோயாளி ஆண்களும் 649 பேர், அவர்களில் புகைக்காதவர்கள் 27 பேர். 2×2 அட்டவணையில் 647, 2, 622, 27 என்று நிரப்புங்கள். 647-ஐ 27-ஆல் பெருக்கினால் 17,469. 2-ஐ 622-ஆல் பெருக்கினால் 1,244. வகுத்தால் 14.04. முப்பது பேர் வகுப்பில் முப்பது தாளிலும் 14.04 வந்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

மதிப்பெண் அடுத்த வரியில் இருக்கிறது. ‘புகைப்பவர்களில் 14 மடங்கு அதிகம் பேருக்குப் புற்றுநோய் வந்தது’ என்று எழுதினால் தவறு. இது கேஸ் கன்ட்ரோல் ஆய்வு. நோயுள்ளவர்கள் எத்தனை பேர், இல்லாதவர்கள் எத்தனை பேர் என்று முடிவு செய்தது ஆய்வாளர்கள். ஆகவே எத்தனை பேருக்கு நோய் வந்தது என்ற வீதத்தை இந்த அட்டவணையிலிருந்து நேரடியாக எடுக்க முடியாது. ஆட்ஸ் ரேஷியோ 14 என்று சொல்லலாம். நோய் அரிதானது என்பதால் அது ஆபத்து விகிதத்துக்கு (இரு குழுக்களில் நோய் வரும் வீதங்களை வகுத்தால் வருவது) நெருக்கமாக இருக்கும் என்றும் சேர்க்கலாம். புள்ளியியலாளர் ஜெரோம் கார்ன்ஃபீல்ட் 1951-ல் நிறுவியது அதைத்தான். கூடவே, ஒப்பீட்டுக் குழுவில் இருந்த மருத்துவமனை நோயாளிகளில் சிலருக்குப் புகையாலேயே வேறு நோய் வந்திருக்கலாம், அப்படியானால் உண்மையான விளைவு இன்னும் பெரிதாக இருக்கும் என்று யோசிப்பவருக்கு முழு மதிப்பெண்.

அந்த வரியை உங்கள் மூளைதான் உருவாக்க வேண்டும். இரண்டு தாள்களில் அந்த வரி ஒரே சொற்களில், ஒரே பிழையோடு வந்தால் திருத்துபவர் கண்ணில் உடனே படும். ‘ஒப்பிட்டு குழு’ என்ற எழுத்துப் பிழைகூட இரண்டு தாளிலும் ஒரே இடத்தில் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்த இருவரும் ஒழுங்குக் குழுவின் முன் போய் நின்றார்கள். இருவருமே ஏமாற்றும் எண்ணம் கொண்டவர்கள் அல்லர், விதியின் எல்லையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாதவர்கள்.

பாதுகாப்பான பழக்கம் ஒன்று சொல்கிறேன். நண்பர்களோடு பேசும்போது வெள்ளைப் பலகையில் எழுதுங்கள், பேசி முடித்ததும் அழித்துவிடுங்கள், யாரும் படம் எடுக்க வேண்டாம். அவரவர் இடத்துக்குப் போய் எழுதுங்கள். தாளின் மேலே யாரோடு கலந்து பேசினீர்கள் என்று பெயர் குறிப்பிடுங்கள். மென்பொருள் நிரலுக்கும் இதே விதி பொருந்தும். மற்றவரின் நிரல் கோப்பை வாங்கிப் பெயரை மாற்றுவது நகலெடுப்பதே. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பற்றி ஒவ்வொரு பேராசிரியருக்கும் ஒரு விதி. சிலபஸ் எதுவும் சொல்லவில்லை என்றால் அனுமதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், கேளுங்கள். பழைய மாணவர்களின் விடைகளும், இணையத்தில் கிடைக்கும் பழைய விடைத்தொகுப்புகளும் எங்குமே அனுமதி இல்லாதவை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: தரவை நம்பி உங்களிடம் கொடுக்கிறார்கள்

செயல்திட்டத்துக்கு உண்மையான மனிதர்களின் தரவு கைக்கு வரும். அதற்கு முன் மனிதர்களை வைத்து நடக்கும் ஆய்வின் நெறிமுறை பற்றிய பயிற்சியை முடித்துச் சான்றிதழ் தரச் சொல்வார்கள். சில மணி நேரம் பிடிக்கும் இணையப் பயிற்சி அது. மூன்றாம் வாரத்துக்குள் முடியுங்கள். அதைச் சடங்கு என்று நினைத்து வேகமாகச் சொடுக்கிக்கொண்டே போகாதீர்கள். அமெரிக்காவின் டஸ்கிகீயில் 1932 முதல் 1972 வரை சிஃபிலிஸ் நோய் கண்ட கறுப்பின ஆண்களுக்கு, பென்சிலின் கிடைத்த பிறகும் சிகிச்சை தராமல் நோயின் போக்கை மட்டும் கவனித்துக்கொண்டிருந்தார்கள். 1964-ல் மருத்துவ ஆய்வின் நெறிமுறைகளைச் சொல்லும் ஹெல்சிங்கி பிரகடனம் வந்த பிறகும் அது தொடர்ந்தது. நாம் படிக்கும் துறையில் நடந்த விஷயம் இது, அதைத் தெரிந்துகொண்டு தரவைத் தொட வேண்டும்.

என் முதல் ஆண்டில் நானே ஒரு தவறு செய்தேன். ஆய்வகக் கணினி மூடும் நேரம், வேலை முடியவில்லை. தரவுக் கோப்பை என் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொண்டேன். பெயர் இல்லாத கோப்புதானே என்று நினைத்தேன். மறுநாள் பேராசிரியரிடம் சாதாரணமாகச் சொன்னபோது அவர் முகம் மாறியது. கோப்பைத் திறந்து மூன்று நெடுவரிசைகளைத் தொட்டுக் காட்டினார்: பிறந்த தேதி, அஞ்சல் குறியீடு, பாலினம். கணினி அறிவியலாளர் லட்டான்யா ஸ்வீனி 2000-ல் காட்டியபடி, இந்த மூன்றை மட்டும் வைத்தே அமெரிக்க மக்கள்தொகையில் 87 சதவீதத்தினரைத் தனித்து அடையாளம் காண வாய்ப்பிருந்தது. அன்றைக்கே நடந்ததை எழுதிக் கொடுத்தேன், அஞ்சல் பெட்டியிலிருந்து கோப்பை அழித்ததற்கான சான்றும் கொடுத்தேன். அவர் என்னைத் திட்டவில்லை. அந்த மூன்று நெடுவரிசைகளை இன்றும் எந்தக் கோப்பிலும் முதலில் தேடுகிறேன்.

நீங்கள் கையெழுத்திடும் தரவுப் பயன்பாட்டு ஒப்பந்தத்தில் நான்கு இடங்களைத் தேடுங்கள். கோப்பு எந்தக் கணினியில் இருக்கலாம். மேகச் சேமிப்பிலும் செயற்கை நுண்ணறிவுக் கருவியிலும் ஏற்றலாமா என்பது இதில் அடங்கும், பெரும்பாலும் கூடாது. யாருக்குக் காட்டலாம். அட்டவணையின் ஒரு கட்டத்தில் எத்தனை பேருக்குக் குறைவாக இருந்தால் வெளியிடக் கூடாது, இது சில இடங்களில் 5, சில இடங்களில் 10. வகுப்பு முடிந்ததும் எப்போது அழிக்க வேண்டும்.

எட்டாம் படி: தேர்வும் மறுதிருத்தமும்

தேர்வில் கணிப்பான் அனுமதி என்றால் கைப்பேசியில் உள்ள கணிப்பான் அதில் சேராது. தனிக் கணிப்பான் ஒன்று வைத்திருங்கள், லாகரிதம் பொத்தான் உள்ளதாக. நம்பக இடைவெளி (கான்ஃபிடன்ஸ் இன்டர்வல்) போட அது வேண்டும். ஒரு தாள் குறிப்பு அனுமதி என்றால் அதை நீங்களே கையால் எழுதுங்கள். அச்சிட்ட தாளோடு வருபவர்கள் தேர்வு நேரத்தில் அதில் தேடிக்கொண்டே இருப்பார்கள்.

மதிப்பெண் குறைவு என்று தோன்றினால் மறுதிருத்தம் கேட்கலாம், வழக்கமாக ஒரு வாரத்துக்குள், எழுத்தில். எந்தக் கேள்வி, உங்கள் விடை எந்த வகையில் சரி என்பதை மட்டும் எழுதுங்கள். முழுத் தாளும் மறுபடி திருத்தப்படும், மதிப்பெண் குறையவும் கூடும் என்று பல சிலபஸ்களில் இருக்கும். ஒரு நாள் தள்ளி, விடைக்குறிப்போடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

ஒன்பதாம் படி: நிலைமை கைமீறும்போது

உடல்நலக் குறைவு, குடும்பத்தில் துயரம், திடீர் வேலை, எதுவானாலும் கெடுவுக்கு முன் எழுதுங்கள். ‘நாளை சமர்ப்பிக்க முடியாத நிலை’ என்ற ஒரு வரி போதும், விவரத்தைப் பிறகு சொல்லலாம். கெடு முடிந்து மூன்று நாள் கழித்து வரும் நீண்ட கடிதத்தைவிட அந்த ஒரு வரிக்கு உதவ எங்களுக்கு வழி அதிகம். உடல் குறைபாடோ கற்றல் சிரமமோ காரணமாகக் கூடுதல் தேர்வு நேரம் வேண்டுபவர்கள், அதற்கான அலுவலகத்தில் முதல் வாரமே பதிவு செய்யுங்கள். அந்த ஏற்பாடுகள் பின்தேதியிட்டுத் தரப்படுவதில்லை. நோயின் பெயரைப் பேராசிரியரிடம் சொல்ல வேண்டிய அவசியமும் பொதுவாக இல்லை.

செமஸ்டர் முடிவில் கொஞ்சம்தான் மிச்சம், முடிக்க முடியவில்லை என்றால் ‘முடிவுறாதது’ என்ற குறிப்பைக் கேட்கலாம். பெரும்பகுதி வேலையை முடித்திருக்க வேண்டும், எதை எப்போது தருவீர்கள் என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். அந்தத் தேதி தாண்டினால் அது தானாகத் தோல்வியாக மாறும் இடங்கள் உண்டு. பாதியிலேயே விழுந்துவிட்டவர்களுக்கு இது வழியல்ல. அவர்களுக்கு விலகலே நல்லது. மதிப்பெண் பட்டியலில் ஒரே ஒரு விலகல் குறிப்பு இருப்பதைவிடத் தோல்வி மதிப்பெண் சராசரியை அதிகம் இழுக்கும்.

விலகும் முன் ஒன்றை மட்டும் கணக்குப் பாருங்கள். மூன்று கிரெடிட் போனபின் முழுநேர மாணவருக்கான குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகிறீர்களா? போனால் உதவித்தொகையும், வெளிநாட்டு மாணவர் என்றால் விசாவும் பாதிக்கப்படலாம். படிவத்தில் கையெழுத்திடும் முன் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்திலும் நிதி உதவி அலுவலகத்திலும் கேளுங்கள். நான் ஆரம்பத்தில் சொன்ன மாணவி அப்படிக் கேட்டுத்தான் முடிவெடுத்தார். வேறொரு பாடத்தை விலகல் குறிப்போடு விட்டார், இதில் தொடர்ந்தார், வாரம் ஒருமுறை வாசலில் வந்து நின்றார்.

பத்தாம் படி: மதிப்பெண் வந்த பிறகு

சிலபஸின் ஒரு பிரதியைப் பத்திரப்படுத்துங்கள். வேறு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேரும்போது இந்தப் பாடத்துக்கு விலக்கு கேட்டால் பாட எண்ணும் மதிப்பெண்ணும் போதாது, வாரவாரியாக என்ன நடத்தினார்கள் என்று காட்டச் சொல்வார்கள். பல ஆண்டு கழித்துத் துறைத் தளத்தில் அதைத் தேடினால் கிடைக்காது. உங்கள் நிரல் கோப்புகளையும் குறிப்புகளோடு வைத்துக்கொள்ளுங்கள், அவை உங்கள் சொத்து. தரவுக் கோப்பு உங்கள் சொத்தல்ல. ஒப்பந்தத்தில் உள்ள தேதிக்குள் மூலக் கோப்பு, நடுவில் உருவாக்கிய கோப்புகள், பதிவிறக்கப் பகுதியில் மறந்துகிடக்கும் பிரதி, குப்பைத்தொட்டியில் இருப்பது எல்லாவற்றையும் அழித்துவிட்டு, அழித்தாயிற்று என்று டி.ஏ.வுக்கு ஒரு வரி மின்னஞ்சல் அனுப்புங்கள்.